இரண்டு விரல், எட்டு நாள்

ஆறு நாள் வேலை என்று சொல்லித்தான் பாய் அனுப்பிவைத்தார். ஞாயிறு போய் இறங்கு, திங்கள் மோல்டில், அதாவது வார்ப்பு அச்சில், ஷூவின் சோல் அடித்துப் பார், செவ்வாய் அள, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிடு. ஆம்பூரில் ஷூ கம்பெனி முதலாளியை பாய் என்று கூப்பிடுவது மரியாதைதான், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். கடைசியில் நான் கிளம்பியது பதின்மூன்றாம் நாள். நடுவில் காய்ச்சலும் வரவில்லை, புயலும் அடிக்கவில்லை. ஒருவர் இரண்டு விரலைக் காட்டினார், நான் ஒருமுறை தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

இது 2024 நவம்பர். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நேரடி விமானம் அப்போது இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஷியாமென், அப்புறம் ரயிலில் ஜின்ஜியாங். ஷூ தொழிலில் இருப்பவர்களுக்கு ஜின்ஜியாங் என்றால் விளக்கம் தேவையில்லை. ஃபூஜியான் மாகாணத்தின் கடலோரத்தில், சுவான்சோ நகரத்தை ஒட்டிய ஊர். அன்டா, எக்ஸ்டெப், 361 டிகிரி எல்லாம் இந்த வட்டாரத்தில் முளைத்து வளர்ந்த பெயர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்குத் தோல் ஷூவில்தான் பேர். ஆனால் இப்போது யார் காலில் பார்த்தாலும் ஸ்போர்ட்ஸ் ஷூ. செய்யாறிலும் பெரம்பலூரிலும் தைவான்காரர்களின் ஆலைகள் வந்து அதையே தைக்கின்றன. நாங்களும் அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துப் பார்ப்போம் என்று சோல் மோல்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம்.

போவதற்கு முன் நிறைய வீடியோ பார்த்திருந்தேன். அதனால் பெரிய விஷயங்கள் எதுவும் என்னை அசைக்கவில்லை. ஃபூச்சோவுக்கும் ஷியாமெனுக்கும் இடையில் 2023 செப்டம்பரில் திறந்த பாதையில் ரயில் மணிக்கு 350 கி.மீ. போகிறது. போகட்டும். காய்கறிக்காரப் பாட்டி க்யூஆர் அட்டையை நீட்டுகிறார். நம்மூர் பூக்காரம்மாவிடமும் அது இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் என் கார்டைச் சேர்க்க ஓடிபி வர வேண்டும், அது வருவதற்குள் எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்ஆப் திறக்காது, ஆனால் ரோமிங் போட்ட நம்மூர் சிம்மில் திறக்கும். இதையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாமல் விட்டதுதான் என்னைக் கவிழ்த்தது.

முதலாவது தண்ணீர். ரயில் நிலையத்தில் குடிநீர்க் குழாய் இருந்தது. சிங்கப்பூரில் வாங்கிய மினரல் வாட்டர் பாட்டிலை வைத்துத் திறந்தேன். கொதிக்கக் கொதிக்க வந்தது. கண்ணெதிரே அந்த பாட்டில் இடுப்பு ஒடிந்து, தோள் சரிந்து, பிழிந்த துணி மாதிரி சுருண்டுவிட்டது. கையைச் சுட்டதில் கீழே போட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் எஃகு பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார், இது இல்லாமல் வீட்டை விட்டு யாராவது கிளம்புவார்களா என்பதுபோல. அவர் சொன்னது சரி. அங்கே எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்க். ரயில், ஆலை, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் வெந்நீர் கிடைக்கும். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். உணவகத்தில் தண்ணீர் கேட்டால் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். தலைவலி என்றால் வெந்நீர் குடி, வயிறு சரியில்லை என்றால் வெந்நீர் குடி, மனசு சரியில்லை என்றாலும் அதுதான். எங்கள் ஆயா உயிரோடு இருந்திருந்தால் அந்த நாட்டின் சுகாதார மந்திரியாக இருந்திருப்பார்.

இரண்டாவதும் தண்ணீர்தான், ஆனால் இல்லாத தண்ணீர். ஆலைக் கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்காரும் பீங்கான் இருந்தது, அந்த வகையில் சொந்த ஊர் மாதிரி நிம்மதி. குழாய் இல்லை, மக் இல்லை. காகிதமும் இல்லை, ஏனென்றால் அதை அவரவர் கையோடு கொண்டுவர வேண்டும். இதற்கு மேல் விவரிக்க மாட்டேன். மறுநாளிலிருந்து என் தோள்பையில் ஒரு காலி பாட்டில் நிரந்தரமாகக் குடியேறியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் பெயர். ஆலைக்குள் நுழைந்ததும் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் வரவேற்றார். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல ஆங்கிலம். வெளிநாட்டுக்காரர்களுக்காகத் தனக்கு ஒரு பழத்தின் பெயரை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பதின்மூன்று நாளும் எனக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்றவர் அவர்தான். வந்ததும் என்னை "து கோங்" என்றார். எனக்குப் புரியவில்லை. கோங் என்றால் பொறியாளர். அங்கே பொறியாளரைக் குடும்பப் பெயரோடு கோங் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், நாம் வாத்தியார், டாக்டர் என்பது போல. மோல்டு பிரிவின் தலைவர் லின் கோங். சரி, நான் எப்படி து?

பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. அது "து" என்று தொடங்குகிறது, அதாவது என் இனிஷியல். சீனத்திலும் து என்று ஒரு குடும்பப் பெயர் உண்டாம். தன்னோடு படித்த ஒரு பையனும் து என்று அந்தப் பெண் மகிழ்ச்சியோடு சொன்னார்.

"அது என் குடும்பப் பெயர் இல்லை, என் அப்பா பெயர்" என்றேன்.

"அதுதானே குடும்பப் பெயர்?"

"இல்லை. அப்பாவுக்கு இனிஷியல் வேறு. அது தாத்தா பெயர். என் பிள்ளைகளுக்கு இனிஷியல் என் பெயர்."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து நான்கு கட்டம் போட்டு எழுதச் சொன்னார். தாத்தா, அப்பா, நான், மகள். எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலெழுத்து மாறியது. அவர் அந்தக் காகிதத்தை லின் கோங்கிடம் காட்ட, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தன் குலத்தின் வம்சாவளிப் புத்தகம் ஊர்ப் பொதுக் கோயிலில் இருக்கிறது, இருபது தலைமுறைக்கு மேல் ஒரே லின்தான் என்றார். நாங்கள் தலைமுறைக்கு ஒருமுறை பெயரைக் கழற்றிப் போட்டுவிடுகிறோம் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "அப்படியானால் உங்கள் கொள்ளுத்தாத்தாவை யார் கண்டுபிடிப்பார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதிர்ச்சி எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனாலும் பதின்மூன்று நாள் அப்பாவின் எழுத்தால் என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறை "து கோங்" என்று குரல் வரும்போதும், எனக்கு முன்னால் அவர் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

லின் என்பதையும் அவர்கள் ஊர்ப் பேச்சில் லிம் என்கிறார்கள். ச்சென் என்பது டான். சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்த்தவர்களுக்கு இப்போது பொறி தட்டும். அங்கேயிருக்கும் லிம்களும் டான்களும் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான். லின் கோங்கின் பெரியப்பா குடும்பமும் பினாங்கில் இருக்கிறது. ஆலையில் வயதானவர்கள் தங்களுக்குள் பேசுவது மாண்டரின் அல்ல, இந்த மின்னான் பேச்சு. அதில் ஒரு சொல் மட்டும் முதல் நாளே எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. தே.

லின் கோங் யாரையோ பார்த்து தே என்றார், தேநீர் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாண்டரினில் அது ச்சா. இந்தக் கரையில் தே. தரை வழியாக உலகம் சுற்றிய இலை ச்சா என்ற பெயரோடு போய் சாய் ஆனது. இங்கிருந்து கப்பலேறிய இலையை டச்சுக்காரர்கள் தே என்றே கொண்டுபோனார்கள், அது சுற்றிச் சுற்றி நம் தேயிலைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆம்பூரில் எங்கள் தெருவில் டீக்கடை, அடுத்த தெருவில் உருது பேசும் வீடுகளில் சாய். இரண்டு வழியும் எங்கள் ஊரில் முப்பது அடி இடைவெளியில் சந்திக்கின்றன.

ஆனால் அந்தத் தேநீர் நம் தேநீர் அல்ல. ஒவ்வொரு அலுவலக அறையிலும் கம்ப்யூட்டருக்கு முன்பே ஒரு தேநீர் மேசை இருக்கிறது. சல்லடை வைத்த மரப்பலகை, பக்கத்தில் கொதிக்கும் கெண்டி, மூடியுள்ள ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம். சுண்டைக்காய் மாதிரி உருண்டையாகச் சுருட்டிய கரும்பச்சை இலையை ஒரு பிடி அதில் போடுவார் லின் கோங். தியேகுவான்யின் என்று பெயர், சுவான்சோவைச் சேர்ந்த ஆன்ஷி மலையில் விளைவது. முதல் தண்ணீரை ஊற்றிய வேகத்தில் பலகையிலேயே கொட்டிவிடுவார். இரண்டாவதுதான் குடிக்க. நம்மூர் இங்க் பாட்டில் மூடியைவிடச் சற்றே பெரிய கோப்பை. பாலில்லை, சர்க்கரையில்லை. பூவாசம். ஊற்றியதும் இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி என்று பொருள். அதைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளாதது, எப்படி நிறுத்துவது என்பது. கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான், குடித்து முடித்துக் கோப்பையை வைத்தேன். காலிக் கோப்பையைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அவர், நிரப்பினார். பதினான்காவது கோப்பையில் அந்தப் பெண் என் மீது இரக்கப்பட்டு, போதுமென்றால் முழுசாக அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். அன்றிரவு மூன்று மணி வரை தூக்கம் வரவில்லை.

சரி, மோல்டுக்கு வருகிறேன். ஸ்போர்ட்ஸ் ஷூவின் நடு அடுக்கு, அந்த மெத்தென்ற வெள்ளைப் பகுதி, இ.வி.ஏ. நுரையில் ஆனது. அலுமினிய மோல்டில் சூடாகச் செலுத்துவார்கள். இதில் விசித்திரம் என்னவென்றால், மோல்டின் குழி சோலைவிடச் சிறியது. எங்கள் சாம்பிள் சைஸில் சோல் 295 மி.மீ. வர வேண்டும், குழியோ இருநூறைக்கூடத் தொடாது. குழந்தை ஷூவுக்குச் செய்ததுபோல இருக்கும். மோல்டு திறக்கும் அந்த நொடியில், உள்ளே அடைபட்டிருந்த நுரை சோளம் பொரிவதுபோல டப்பென்று வெளியே துள்ளி, காற்றிலேயே ஒன்றரை மடங்கு உப்பி விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. விழுந்ததை உடனே அளக்கக் கூடாது, ஆறும்போது மெல்லச் சுருங்கும். ஒரு ராத்திரி விட்டு மறுநாள் காலையில் அளந்தோம். 293.5. எங்களுக்கு அனுமதி ஒரு மி.மீ.தான்.

தப்பு யார் மேல் என்றால் பாதி எங்கள் மேல். நாங்கள் அனுப்பிய காம்பவுண்டு, அதாவது நுரைக்கான கலவை, அவர்கள் வழக்கமாகப் போடுவதைவிடக் கொஞ்சம் குறைவாக உப்பும், அவர்கள் தங்கள் கணக்குப்படி குழி வெட்டிவிட்டார்கள். லின் கோங் காலிப்பரைப் பார்த்துவிட்டு "ச்சாபுதுவோ" என்றார். கிட்டத்தட்ட சரிதான் என்று அர்த்தம். ஒருநாளைக்கு நாற்பது முறை காதில் விழும் சொல். நம்மூரில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் அது வரும். நான் விடவில்லை. குழியைப் பெரிதாக்க வேண்டும், மேலே இருக்கும் புள்ளிப் புள்ளியான வேலைப்பாட்டைத் திரும்பப் போட வேண்டும், அது வெளியே வேறொரு பட்டறையில் நடக்கும் வேலை.

இந்தப் பேச்சு நடந்தது மத்தியானம் பன்னிரண்டரைக்கு. அந்த நேரத்தில் அந்த ஆலையைப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு விளக்குகள் அணைந்துவிட்டன. தையல் வரிசையில் பெண்கள் மெஷின் மேசையிலேயே கையை மடித்து, அதன்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் நான் லேப்டாப்பைத் திறந்ததும் அந்த வெளிச்சம் ஒரு குற்றம்போல அறை முழுவதும் பரவியது. மொழிபெயர்க்கும் பெண் மேசைக்கு அடியிலிருந்து ஒரு மடக்குக் கட்டிலை இழுத்தார், கழுத்துக்குத் தலையணை, கண்ணுக்குத் துணி, இரண்டு நிமிடத்தில் ஆள் இல்லை. நம்மூரிலும் மத்தியானம் கண் சொக்கத்தான் செய்கிறது, ஆனால் நாம் கழிப்பறைக்குப் போய்த் திருட்டுத்தனமாகத் தூங்குகிறோம், அல்லது திறந்த கண்ணோடு எக்செல்லைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறோம். இவர்கள் கடிகாரம் வைத்துத் தூங்குகிறார்கள்.

ஆக, மொழிபெயர்க்க ஆளில்லை. மோல்டு அலமாரி ஓரத்தில் நானும் லின் கோங்கும் மட்டும். எத்தனை நாளாகும் என்று கைக்கடிகாரத்தையும் காலண்டரையும் காட்டிக் கேட்டேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். இரண்டு. பரவாயில்லையே! உடனே பாய்க்கு வாட்ஸ்ஆப்பில் போட்டேன்: "இரண்டு நாளில் முடித்துத் தருகிறார்கள், வெள்ளிக்கிழமையே வந்துவிடுவேன்." அங்கே பகல் பன்னிரண்டரை என்றால் ஆம்பூரில் காலை பத்து. பாய் கட்டைவிரலை உயர்த்தி ஒரு பொம்மை அனுப்பினார். அப்புறம் லின் கோங் தன் போனில் எதையோ பேசி என்னிடம் நீட்டினார். செயலி ஆங்கிலத்தில் சொன்னது: உடனே வெட்ட அனுப்பலாமா? நான் தலையை ஆட்டினேன், தாராளமாக என்று.

வியாழக்கிழமை காலை போனபோது மோல்டு அதே அலமாரியில், அதே தட்டில், நான் மார்க்கரில் போட்ட அதே சிவப்புக் கோட்டோடு இருந்தது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இன்றைக்குத் தருகிறேன் என்றாரே?"

அவர் லின் கோங்கிடம் கேட்டார். லின் கோங் நீளமாக ஏதோ சொன்னார், சொல்லிக்கொண்டே என்னைப் போலத் தலையை இரண்டு பக்கமும் அசைத்துக் காட்டினார்.

"நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்களாம். அதனால் உங்கள் கம்பெனியிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருக்கிறார்."

"நான் சரி என்றுதானே சொன்னேன்?"

"எப்படிச் சொன்னீர்கள்?"

தலையை ஆட்டிக் காட்டினேன். அந்தப் பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டார். நாற்பத்திரண்டு வருடமாக இந்தத் தலை இப்படித்தான் ஆடுகிறது. இடமும் வலமும் லேசாகச் சாய்ந்தால் சரி, சம்மதம், புரிகிறது, மேலே சொல்லு. அது இன்னொருவர் கண்ணுக்கு வேண்டாம் என்று தெரியும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

"சரி, அதை விடுங்கள். இரண்டு நாள் என்றாரே?"

மறுபடி விசாரணை. லின் கோங் அதே இரண்டு விரலை நீட்டினார், துப்பாக்கி பிடிப்பதுபோல.

"இது எட்டு" என்றார் அந்தப் பெண்.

ஒரே கையில் பத்து வரை எண்ணுகிறார்கள். ஐந்து வரை நம்மைப் போலத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டியும் விரித்தால் எட்டு. சீன எழுத்தில் எட்டு என்பது இரண்டு கோடு விரிந்து இறங்குவது, விரலும் அதே மாதிரி விரிகிறது. ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல வளைத்தால் ஒன்பது. பத்து என்றால் இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் குறுக்கே வைத்துக் கூட்டல்குறி காட்டுபவர்களும் உண்டு. சந்தை இரைச்சலில் விலை பேச இதைவிட வசதி கிடையாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் யாராவது என்னோடு வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பார். படித்தவன் வந்ததுதான் வினை.

பாய்க்கு என்ன சொல்வது? போனில் சொன்னேன். ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம், "சரி விடு. அங்கே சுவான்சோவில் ரொம்பப் பழைய பள்ளிவாசல் இருக்காமே, ஞாயிற்றுக்கிழமை போய் போட்டோ எடுத்துட்டு வா" என்றார். நல்ல முதலாளி கிடைப்பதும் ஒரு கொடுப்பினைதான். லின் கோங்கிடம் இன்னும் சீக்கிரம் முடியாதா என்று கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டுக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினார். இரண்டு நாளைக்கு முன்பென்றால், போன் பண்ணு என்கிறார் என்று நினைத்திருப்பேன். ஆறு. வியாழனிலிருந்து ஆறு நாள், அடுத்த புதன்.

அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் எனக்கு ஒரு விருந்து. சாயங்காலம் என்றால் ஐந்தரை மணி. நம்மூரில் பஜ்ஜி தின்னும் நேரத்தில் அங்கே இரவுச் சாப்பாடு. சுழலும் கண்ணாடி வட்டத்தில் பதினாறு தட்டு வந்தது, சோறு வரவில்லை. குழம்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் சோறு வரும் வரை காத்திருந்தேன். சோறு கடைசியில்தான் வருமாம், அதுவும் கேட்டால். எல்லோர் வயிறும் நிறைந்த பின் சோறு என்பதை என் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். மது வேண்டாம் என்றதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை, தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலே போதும் என்றார்கள். பெரியவர் கோப்பையோடு மோதும்போது நம் கோப்பையின் விளிம்பு ஒரு விரற்கடை கீழே இருக்க வேண்டும், அது மரியாதை. லின் கோங்கும் நானும் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக் காட்டிக் கடைசியில் இரண்டு கோப்பையும் மேசையைத் தொட்டுவிட்டன.

நடுவில் ஒரு சின்னத் தட்டு. கண்ணாடி மாதிரி சாம்பல் நிற ஜெல்லி, உள்ளே ஏதோ நூல் நூலாக. பூண்டும் காடியும் சேர்ந்த சாறு மேலே. இந்த ஊரின் சிறப்பு, ஆன்ஹாய் பக்கம் பேர்போனது என்றார்கள். பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "மண் மூங்கில் குருத்து" என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார் அந்தப் பெண். மூங்கில் குருத்துதானே என்று மூன்று துண்டு சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, கடற்கரை வாசம், நறுக் நறுக்கென்று. நான்காவதை எடுக்கும்போது அவர் போனில் படம் தேடிக் காட்டினார். சேற்றுக் கடலோரத்தில் தோண்டி எடுக்கும் புழு. நான் எதையும் சாப்பிடுவேன் என்று ஆம்பூரில் பந்தா காட்டிக்கொண்டிருந்தவன். நான்காவது துண்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை, வாயில் வைக்கவும் வரவில்லை. குச்சிகளுக்கு நடுவில் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் விழுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவான்சோ. பாய் சொன்ன ச்சிங்ஜிங் பள்ளிவாசல் 1009இல் கட்டியது. கல்லால் ஆன உயர்ந்த நுழைவாயில், உள்ளே கூரையில்லாத தொழுகைக் கூடம், சுவரில் அரபு எழுத்து, வானம் நேராக உள்ளே இறங்குகிறது. அந்த வட்டாரத்தில் ச்சென்தாய் என்று ஒரு ஊர், ஜின்ஜியாங் ஷூ தொழிலுக்கே அது மூலஸ்தானம் மாதிரி. அங்கேயிருக்கும் டிங் குலத்தார் அந்தக் காலத்தில் வந்த அரபு வணிகர்களின் வழியில் வந்தவர்கள். அன்டாவைத் தொடங்கிய குடும்பமும் டிங்தான். இப்போது பெரும்பாலானவர்கள் பன்றி இறைச்சி சாப்பிடுகிறார்கள், ஆனால் முன்னோருக்குப் போடும் படையலில் மட்டும் அதை வைப்பதில்லை. இதைக் கேட்டதும் பாய் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அங்கேயும் ஷூ நம்ம ஆளுங்க கையிலதானா" என்று சிரித்தார்.

எனக்கான பங்கு கையுவான் கோயிலில் இருந்தது. 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில், இரண்டு பக்கமும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கல் கோபுரங்கள். பெரிய மண்டபத்தின் பின்புறம் சுற்றி வந்தால் மற்றவற்றோடு சேராத இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தேன். வட்டத்துக்குள் நரசிம்மர். இன்னொரு வட்டத்தில் கண்ணன். எங்கோ இடிந்துபோன ஒரு கோயிலிலிருந்து எடுத்து வந்து இங்கே நட்டிருக்கிறார்கள். இதே ஊரில்தான் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது, சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்வது. கடைசி வரி மட்டும் சீனத்தில். எழுநூறு வருடத்துக்கு முன்னால் வந்து இறங்கிய அந்த ஆள் எத்தனை நாள் வேலை என்று சொல்லிவிட்டு வந்தாரோ, தச்சர்கள் காட்டிய விரலை எப்படி எண்ணினாரோ. தூணுக்கு முன்னால் நின்ற எனக்கு அதுதான் தோன்றியது. பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி கண்ணனைப் பார்த்து மூன்று முறை குனிந்து ஊதுவத்தியை ஏந்திக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை சோல் அடித்தோம். துள்ளி விழுந்தது. வியாழன் காலை அளந்தோம்: 294.8. லின் கோங் காலிப்பரை என்னிடம் நீட்டிவிட்டு என் வாயையே பார்த்தார். நான் தலையை அசைக்காமல், கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓகே" என்று வாயால் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது அவர் ஒரு தகர டப்பா கொடுத்தார், தியேகுவான்யின், அவர் மாமனார் தோட்டத்தில் விளைந்ததாம்.

வீட்டுக்கு வந்து மறுநாள் காலை எழுந்தபோது அடுப்படியில் அம்மா அந்த டப்பாவைத் திறந்துவிட்டிருந்தார். பாத்திரத்தில் பால், அதில் நான்கு கரண்டி சீனத் தேயிலை, சர்க்கரை, இஞ்சி. உருண்டை உருண்டையாக இருந்ததெல்லாம் கொதியில் விரிந்து, முழு முழு இலையாக, பாத்திரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. பாலுக்குள் முருங்கைக்கீரை வெந்ததுபோல.

"என்னடா தேத்தூள் இது, நிறமே இறங்கல" என்றார் அம்மா. வடிகட்டிக் குடித்துப் பார்த்துவிட்டு, மோசமில்லை என்று இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டார்.

பாத்திரத்தைப் படமெடுத்து வீசாட்டில் லின் கோங்குக்கு அனுப்பி, எங்கள் வீட்டில் தே இப்படித்தான் என்று எழுதினேன். அங்கே அது மத்தியானத் தூக்க நேரம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு சொல் வந்தது.

ச்சாபுதுவோ.